கண்டிப்புக்கும் கொடுமைக்கும் நடுவே: பணியிடத் துன்புறுத்தல் பற்றிய விவாதங்கள்

வேலை வாங்குவது மேலதிகாரியின் கடமை. தவறைச் சுட்டுவது, கெடு விதிப்பது, விளக்கம் கேட்டு மெமோ கொடுப்பது, இடம் மாற்றுவது என எல்லாமே அந்தக் கடமைக்குள் அடங்கும். ஓர் ஊழியரை நொறுக்க நினைப்பவரும் இதே மெமோவையும் இதே இடமாறுதலையும்தான் கையில் எடுக்கிறார். கண்டிப்பு எந்தப் புள்ளியில் கொடுமையாக மாறுகிறது, வெளியிலிருந்து பார்ப்பவர் அதை எப்படி உறுதிசெய்வது, உறுதியான பிறகு யார் என்ன செய்ய வேண்டும்? ஏறத்தாழ அரை நூற்றாண்டாக உளவியலாளர்களும் சட்ட அறிஞர்களும் தொழிற்சங்கத்தினரும் இந்தக் கேள்விக்கு விடை தேடி வருகிறார்கள். விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

பிரச்சினையின் பரப்பு சிறியதன்று. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வேறு இரு நிறுவனங்களோடு சேர்ந்து 121 நாடுகளில் நடத்திய கணக்கெடுப்பின் முடிவுகள் 2022இல் வெளியாயின. தம் வேலைக்காலத்தில் உடல்ரீதியாகவோ உளரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கோ துன்புறுத்தலுக்கோ ஆளானதாகச் சொன்னவர்கள் 22.8 விழுக்காட்டினர். அவற்றுள் மிகப் பரவலானது உளரீதியான துன்புறுத்தல், 17.9 விழுக்காட்டினர் அதைக் குறிப்பிட்டார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோரே அதை யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லியிருந்தார்கள்.

தமிழ்நாட்டில் இதற்குத் துறைக்குத் துறை வேறு முகம். அரசு அலுவலகத்தில் அது '17-பி' குற்றச்சாட்டுக் குறிப்பாணையாகவோ தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கியடிப்பதாகவோ வரும். வங்கியில் டார்கெட்டாக வரும். ஐ.டி. நிறுவனத்தில் செயல்திறன் மேம்பாட்டுத் திட்டம், அதாவது 'பி.ஐ.பி.' என்ற பெயரில் வரும். பின்னலாடை ஆலையில் சூப்பர்வைசரின் வசவாக வரும். பொதுவாக எல்லோரும் 'டார்ச்சர்' என்று சொல்லிவிட்டு அடுத்த நாள் அதே இடத்துக்கு வேலைக்குப் போகிறார்கள்.

கேள்வி பிறந்த விதம்

1976இல் அமெரிக்க மனநல மருத்துவர் கரோல் பிராட்ஸ்கி, துன்புறுத்தப்பட்ட தொழிலாளி பற்றி ஒரு நூல் வெளியிட்டார். வேலையால் உடல்நலம் கெட்டதாகக் கூறி இழப்பீடு கேட்டவர்களின் மனுக்களை ஆராய்ந்ததில் பிறந்த நூல் அது. அம்மனுதாரர்களில் பலரை நோயில் தள்ளியது சக மனிதர்களின் ஓயாத சீண்டலும் அவமதிப்பும்தான் என்று அவர் காட்டினார். அன்று அதை அதிகம் பேர் கவனிக்கவில்லை.

விவாதம் வேரூன்றியது சுவீடனில். பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் கும்பலாகச் சேர்ந்து ஒரு பிள்ளையை வாட்டுவதை மருத்துவர் பீட்டர்-பவுல் ஹைனமன் 1972இல் விவரித்திருந்தார். அவர் கையாண்ட 'மாபிங்' என்ற கருத்து, விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கொன்ராட் லோரன்ஸிடமிருந்து வந்தது. ஜெர்மனியில் பிறந்து சுவீடனில் பணியாற்றிய உளவியலாளர் ஹைன்ஸ் லேமன், 1980களில் அதைப் பணியிடத்துக்குக் கொண்டுவந்தார். பிள்ளைகள் கையை ஓங்குவார்கள். வளர்ந்தவர்கள் பேச்சை நிறுத்துவார்கள், வதந்தி பரப்புவார்கள், வேலையைப் பறிப்பார்கள் என்பது அவர் கண்ட வேறுபாடு. பிரிட்டனில் வானொலி இதழாளர் ஆண்ட்ரியா ஆடம்ஸ் 1992இல் எழுதிய நூல் இதைப் பொதுமக்களிடம் சேர்த்தது. பிரான்ஸில் மனநல மருத்துவர் மரி-ஃப்ரான்ஸ் இரிகோயன் 1998இல் எழுதிய நூல், நான்கே ஆண்டுகளில் வந்த ஒரு சட்டத்துக்குப் பின்புலமானது.

இந்தப் பிறப்பிடங்கள் அதன் பிறகான விவாதம் முழுவதிலும் தடம் பதித்திருக்கின்றன. சுவீடனில் பிறந்த கருத்து ஒருவருக்கு எதிராகத் திரளும் குழுவைப் பார்த்தது. பிரிட்டன் மேலதிகாரியைப் பார்த்தது. பிரான்ஸ் முதலில் ஒரு கோணல் மனத்தையும், பிறகு நிறுவனத்தையும் பார்த்தது.

எதைக் கொண்டு அடையாளம் காண்பது?

லேமன் வகுத்த அளவுகோல் எளிமையானது. 45 வகைச் செயல்களைப் பட்டியலிட்டார். அவற்றில் ஏதேனும் ஒன்று வாரத்துக்கு ஒரு முறையாவது, குறைந்தது ஆறு மாதம் ஒருவர் மீது நிகழ்ந்தால் அது துன்புறுத்தல் என்றார். அன்றாட உரசலையும் நீடித்த தாக்குதலையும் பிரித்துக் காட்ட இது உதவியது. பின்னர் நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்தில் ஸ்டோலே ஐனார்சனும் குழுவினரும் உருவாக்கிய 22 கேள்விகள் கொண்ட வினாநிரல் இன்று உலகெங்கும் பயன்படுகிறது. வேலைக்கு வேண்டிய தகவலை மறைத்தல், பழைய தவறுகளைத் திரும்பத் திரும்பக் கிளறுதல், முடிக்க முடியாத கெடு கொடுத்தல், உரிமையுள்ள விடுப்பைக் கேட்கவிடாமல் அழுத்துதல் முதலானவை அதில் உண்டு.

ஆனால் ஆறு மாதம் என்ற எல்லை தன்னிச்சையானது. ஐந்தாவது மாதத்தில் மருத்துவமனைக்குப் போனவர் எந்தக் கணக்கில் வருவார்? அதைவிடப் பெரிய குறை, ஒரே முறை நிகழ்ந்து ஆண்டுக்கணக்கில் அழிப்பதை இது பிடிப்பதில்லை. ஒரு மொட்டைக் கடிதம் போதும், ஓர் ஊழியரைப் பல ஆண்டு விசாரணையில் அலைக்கழிக்க. ஓய்வுபெறும் நாளில் வரும் தற்காலிகப் பணிநீக்க உத்தரவும் ஒற்றை நிகழ்வுதான். கனடாவின் கியூபெக் மாநிலம் 2004இல் கொண்டுவந்த விதி, கடுமையான ஒற்றை நிகழ்வும் துன்புறுத்தலாகலாம் என்று ஏற்றது. பணியிட வன்முறை, துன்புறுத்தல் பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190ஆம் உடன்படிக்கையும் ஒரு முறையோ பல முறையோ என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறது.

அளக்கும் முறை மாறினால் எண்ணும் மாறுகிறது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து மார்ட்டன் நீல்சனும் குழுவினரும் 2010இல் வெளியிட்ட மதிப்பீடு இதைத் தெளிவாகக் காட்டியது. வரையறை எதுவும் சொல்லாமல் 'நீங்கள் துன்புறுத்தப்படுகிறீர்களா' என்று கேட்டால் 18.1 விழுக்காட்டினர் ஆம் என்கிறார்கள். வரையறையை வாசித்துக்காட்டிக் கேட்டால் அது 11.3ஆகக் குறைகிறது. செயல்களைப் பட்டியலிட்டுக் கேட்டால் 14.8. பட்டியலின்படி கடுமையாகப் பாதிக்கப்பட்டும் தன்னைப் பாதிக்கப்பட்டவர் என்று சொல்லிக்கொள்ளத் தயங்குவோர் உண்டு. 'வேலை என்றால் அப்படித்தான்' என்று பழகிப்போன சூழலில் அந்தத் தயக்கம் கூடுதலாக இருக்கக்கூடும்.

அதிகார ஏற்றத்தாழ்வு இரண்டாவது அளவுகோல். தற்காத்துக்கொள்ள இயலாத நிலையில் ஒருவர் தள்ளப்பட்டிருக்கிறாரா என்று இது கேட்கிறது. பதவி மட்டுமே அதிகாரம் ஆகாது. நிரந்தர ஊழியருக்கும் ஒப்பந்த ஊழியருக்கும் இடையில், உள்ளூர்க்காரருக்கும் வெளியூர்க்காரருக்கும் இடையில், சாதிகளுக்கு இடையில் உள்ள அதிகாரம் எந்த நிறுவன வரைபடத்திலும் எழுதப்பட்டிருக்காது. இட ஒதுக்கீட்டைக் குத்திக்காட்டும் ஒரு வரி, சொல்பவருக்குப் பொழுதுபோக்கு. கேட்பவருக்கு அவர் படித்த படிப்பையும் உழைத்த உழைப்பையும் ஒரே வீச்சில் இல்லாமலாக்குவது. ஐரோப்பிய வினாநிரல்களில் இந்தப் பரிமாணம் இல்லை. இங்கே அவற்றை அப்படியே பயன்படுத்தி எண் சொல்லும் ஆய்வுகளை எச்சரிக்கையோடுதான் வாசிக்க வேண்டும்.

மூன்றாவது, நோக்கம். துன்புறுத்துபவர் எப்போதும் 'வேலை நடக்கவே கண்டித்தேன்' என்பார் என்பதால், பல ஆய்வாளர்கள் நோக்கத்தை வரையறையிலிருந்தே விலக்கிவிட்டார்கள். பிரெஞ்சுச் சட்டம் நோக்கமோ விளைவோ ஏதேனும் ஒன்று போதும் என்கிறது. விளைவை மட்டும் பார்த்தால் நியாயமான கண்டிப்பும் குற்றமாகிவிடும் என்ற நிர்வாகத் தரப்பின் அச்சத்தையும் தள்ளிவிட முடியாது. ஆஸ்திரேலியச் சட்டம் ஒரு நடுவழியைத் தேடியது. நியாயமான நிர்வாக நடவடிக்கை துன்புறுத்தலாகாது, ஆனால் அது நியாயமான முறையிலும் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்கிறது அது. இதுவரை முன்வைக்கப்பட்ட அளவுகோல்களில் நடைமுறைக்கு மிக நெருக்கமானது இதுவே என்று தோன்றுகிறது. செய்தது எது என்பதோடு செய்த விதத்தையும் கேட்பதால், அறைக்குள் அழைத்துத் தவறைச் சொல்வதும் முப்பது பேர் முன்னால் கோப்பை வீசுவதும் வேறுவேறாகின்றன.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் ஊழியர் தன் நிலையைப் பரிசோதிக்கச் சில வழிகள் கிடைக்கின்றன. அதே தவறைச் செய்த மற்றவருக்கும் அதே நடவடிக்கைதானா? பேச்சு வேலையைப் பற்றியதா, ஆளைப் பற்றியதா? திருத்திக்கொண்டால் நடவடிக்கை நிற்குமா, அல்லது புதுக் காரணம் முளைக்குமா? மூன்றாவது கேள்வியே பெரும்பாலும் தெளிவைத் தருகிறது. கண்டிப்புக்கு ஒரு முடிவு உண்டு.

கூச்சலில்லாத வடிவங்களையும் கவனிக்க வேண்டும். வேலையே கொடுக்காமல் உட்காரவைப்பது அவற்றில் ஒன்று. ஜப்பான் அரசு வகுத்த ஆறு வகைகளில், தகுதிக்கு மிகக் கீழான வேலை தருவதும் வேலையே தராததும் ஒரு வகையாக இடம்பெற்றுள்ளன. கூட்டத்துக்கு அழைக்காமல் விடுவது, வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்குவது, உள்ளே நுழைந்ததும் பேச்சு அடங்குவது ஆகியவற்றுக்குச் சாட்சியமே இருக்காது. புகாராக எழுதினால் சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும். அதனாலேயே அவை நெடுநாள் நீடிக்கின்றன.

தவறு யாருடையது?

பாதிக்கப்பட்டவரின் குணத்தில் காரணத்தைத் தேடியது பழைய விடைகளில் ஒன்று. ஒதுங்கிய இயல்பு, பதற்றம், அளவுகடந்த நேர்த்தி ஆகியவை அவர்களிடம் கூடுதலாக இருப்பதாக 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் அயர்லாந்து ஆய்வு கண்டது. ஆனால் 2007இல் வந்த நார்வே ஆய்வு, பாதிக்கப்பட்டோரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் குணநலன்களில் மற்றவர்களிடமிருந்து வேறுபடவில்லை என்று காட்டியது. மீதிப் பேரிடம் காணப்பட்ட பதற்றம் காரணமா, விளைவா? ஆண்டுக்கணக்கில் வாட்டப்பட்ட ஒருவர் பதற்றமாக இருப்பதைக் கண்டு, பதற்றக்காரர் என்பதால்தான் வாட்டப்பட்டார் என்று முடிவுகட்டுவது தலைகீழ் வாதம். ஒரே மனிதர்களைக் காலப்போக்கில் தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் இருதிசையிலும் தாக்கம் இருப்பதாகச் சொல்கின்றன.

துன்புறுத்துபவரின் மனத்தைக் குற்றம் சொல்வது அடுத்த விடை. 'தன்மோகி', 'மனப்பிறழ்வு கொண்டவர்' என்ற பட்டங்கள் இன்றைய சுயமுன்னேற்ற நூல்களில் தாராளம். இது கேட்பவருக்கு ஆறுதல் தருகிறது. ஆனால் ஆய்வு ஆதாரம் பலவீனமானது. சோதனைக்கு உட்பட அவர்கள் முன்வருவதில்லை என்பதால் அவர்களைப் பற்றிய தகவல் பெரும்பாலும் பாதிக்கப்பட்டவர் வாயிலாகவே வருகிறது. அதோடு, ஒரு மோசமான ஆளை நீக்கினால் போதும் என்று நிறுவனம் கைகழுவவும் இது வழிவிடுகிறது.

லேமன் இந்த இரண்டையும் மறுத்தார். வேலை ஒழுங்கமைப்பின் குழப்பமும் தலைமையின் தோல்வியுமே மூலகாரணம் என்றார். நார்வேயில் 2007இல் வந்த ஆய்வுகள் இதற்கு ஓரளவு வலுச்சேர்த்தன. பணிப்பொறுப்புகள் முரண்படும் இடங்களிலும், கொடுங்கோன்மையான தலைமை உள்ள இடங்களிலும் துன்புறுத்தல் கூடுதலாக இருந்தது. கண்டும் காணாததுபோல் ஒதுங்கும் தலைமையின் கீழும் அப்படியே. இந்தக் கடைசி முடிவு முக்கியமானது. கத்தாத, யாரையும் திட்டாத, 'உங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லும் நல்ல மனிதரான மேலாளரும் துன்புறுத்தலுக்கு இடம் கொடுப்பவரே. ஆனால் ஒரே சூழலில் இருப்பவர்களில் சிலர் மட்டும் ஏன் துன்புறுத்துகிறார்கள் என்பதற்கு இந்தக் கோட்பாட்டிடம் நிறைவான விடை இல்லை.

நிறுவனமே திட்டமிட்டுத் துன்புறுத்துமா? இந்தக் கேள்விக்கு நீதிமன்றத்தில் விடை கிடைத்தது பிரான்ஸில். தனியார்மயமான பிரெஞ்சுத் தொலைத்தொடர்பு நிறுவனம் ஃப்ரான்ஸ் டெலிகாம், 2006 முதல் 22,000 பேரைக் குறைக்கத் திட்டமிட்டது. பலர் அரசு ஊழியர் தகுதி பெற்றவர்கள் என்பதால் எளிதில் பணிநீக்கம் செய்ய இயலாது. தாமாகவே போக வேண்டும் என்ற நிலையை உருவாக்க, தொடர் இடமாறுதல், பதவிக் குறைப்பு, பொருந்தாத வேலை ஆகியவை கையாளப்பட்டன. வழக்கில் 39 ஊழியர்களின் நிலை விசாரிக்கப்பட்டது. அவர்களில் 19 பேர் தம் உயிரை மாய்த்துக்கொண்டவர்கள், 12 பேர் முயன்றவர்கள். 2019 டிசம்பரில் நிறுவனமும் அதன் முன்னாள் தலைவர் டிடியே லொம்பாரும் தண்டிக்கப்பட்டார்கள். மேல்முறையீட்டில் லொம்பாரின் ஓராண்டுச் சிறைத்தண்டனை முழுவதும் நிறுத்திவைக்கப்பட்டது, குற்றத்தீர்ப்பு நின்றது. 2025 ஜனவரியில் பிரான்ஸின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. யார் யாரைத் திட்டினார் என்று நிரூபிக்காமலே, ஒரு நிர்வாகக் கொள்கையைத் துன்புறுத்தல் என்று சொல்லலாம் என்பது அதன் சாரம்.

இந்தியாவிலிருந்து இந்த விவாதத்துக்குக் கிடைத்த பெரும் பங்களிப்பும் இதே திசையில்தான். அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் பிரெமில்லா டி'குரூஸும் எர்னெஸ்டோ நொரோன்யாவும் பன்னாட்டுக் கால் சென்டர் ஊழியர்களை ஆராய்ந்து, குறிப்பிட்ட ஆளை இலக்காக்காத துன்புறுத்தல் என்ற கருத்தை முன்வைத்தார்கள். கழிப்பறைக்குப் போகும் நேரம் வரை கணக்கிடும் கண்காணிப்பு, எண்ணிக்கை எட்டாதபோது பொது அவமானம், எந்நேரமும் வேலை போகலாம் என்ற அச்சம் என எல்லாமே முறையின் பகுதிகள். சூப்பர்வைசர் தனிப்பட்ட பகையால் எதையும் செய்வதில்லை. அவர் தலைக்கு மேலும் ஒரு டார்கெட் தொங்குகிறது.

இதன் மீதான எதிர்வாதத்துக்கும் எடை உண்டு. கடும் உழைப்புச் சுரண்டல் அனைத்தையும் துன்புறுத்தல் என்று அழைத்தால், ஊதியம், வேலைநேரம் பற்றிய பழைய உரிமைப் போராட்டங்கள் உளவியல் மொழியில் கரைந்துபோகாதா என்று விமர்சகர்கள் கேட்கிறார்கள். தமிழர் வரலாற்றைப் பார்த்தால் இவ்விரண்டையும் பிரிப்பது எளிதாகத் தெரியவில்லை. இலங்கை, மலாயாத் தோட்டங்களில் கங்காணியின் கையில் கடன், ஆள்சேர்ப்பு, மேற்பார்வை மூன்றும் இருந்தன. அவர் வாயிலிருந்து வந்த வசவுக்கு அந்தக் கடனே பலம் தந்தது. 2010இல் வந்த 'அங்காடித் தெரு' திரைப்படம் சென்னை ஜவுளிக் கடைத் தொழிலாளரின் வாழ்வைக் காட்டியபோதும் அடியும் வசையும் நீண்ட நேர நிற்றலும் ஒன்றோடொன்று பின்னியே இருந்தன. அமர்வதற்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது 2021இல்தான். இருக்கை மறுப்பதைச் சுரண்டல் என்பதா, துன்புறுத்தல் என்பதா? நின்று கால் வீங்கியவருக்கு அந்த வகைப்பாடு பொருட்டல்ல.

சட்டங்கள் தந்த விடைகள்

இதற்கென முதலில் விதி வகுத்த நாடு சுவீடன், 1993இல். தண்டனையின்றி, தடுப்பதை முதலாளியின் பொறுப்பாக்கிய அந்த விதி கருத்தளவில் சிறந்தது. நடைமுறையில் வலுவற்றது என்று பின்னாளைய ஆய்வு கூறியது. பிரான்ஸ் 2002இல் குற்றவியல் தண்டனையை வைத்தது. தொழிலாளர் வழக்குகளில், ஊழியர் துன்புறுத்தலைச் சுட்டும் உண்மைகளை முன்வைத்துவிட்டால் மறுத்து நிரூபிக்கும் சுமையை முதலாளி மேல் ஏற்றியது. ஆஸ்திரேலியாவில் 2014 முதல் நியாயப் பணி ஆணையம் துன்புறுத்தலை நிறுத்த உத்தரவிடலாம், இழப்பீடு தர இயலாது. தென்கொரியா 2019இல் வேறொரு முனையைப் பிடித்தது. புகார் கொடுத்தவரைப் பழிவாங்கும் முதலாளிக்கு மூன்றாண்டு வரை சிறை. ஐந்து பேருக்குக் குறைவாக உள்ள இடங்களுக்கு அது பொருந்தாது.

இந்தியாவில் பணியிடத் துன்புறுத்தலுக்கென்று பொதுச்சட்டம் இல்லை, துண்டுகள் இருக்கின்றன. உச்ச நீதிமன்றத்தின் 1997ஆம் ஆண்டு விசாகா தீர்ப்பின் வழிவந்த 2013ஆம் ஆண்டுச் சட்டம் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைக் கையாள்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் உள்ளகக் குழு கட்டாயம். அந்தக் குழுக்கள் பல இடங்களில் அமைக்கப்படவே இல்லை என்பதை 2023இல் உச்ச நீதிமன்றமே கவலையோடு குறிப்பிட்டது. குழு இருக்கும் இடத்திலும், மேலாளர் அன்றாடம் முட்டாள் என்று திட்டுகிறார் என்ற புகார் அதன் வரம்புக்குள் வராது.

சாதி இழிவுக்கு 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உண்டு. ஆனால் அவமதிப்பு பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நிகழ்ந்திருக்க வேண்டும். திருச்சி மாவட்ட வருவாய்த் துறை அலுவலகம் ஒன்றின் அறைக்குள், மனுவின் நிலவரம் கேட்க வந்தவர் அலுவலரைச் சாதி சொல்லித் திட்டியதாகத் தொடரப்பட்ட வழக்கில், சக ஊழியர்கள் பிறகே வந்தார்கள் என்பதால் இந்த நிபந்தனை நிறைவேறவில்லை என்று 2025இல் உச்ச நீதிமன்றம் வழக்கை ரத்துசெய்தது. சட்டத்தின் சொற்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் பணியிடத்தில் இழிவு பெரும்பாலும் கதவைச் சாத்திக்கொண்டுதான் நிகழ்கிறது.

இடமாறுதல் பற்றி 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் தெளிவாகப் பேசியது. நிர்வாகக் கொள்கை என்ற போர்வையில் தீய நோக்கத்தோடு தொழிலாளியை இடம் மாற்றுவது முறையற்ற தொழில் நடைமுறை என்றது அதன் ஐந்தாம் அட்டவணை. ஆனால் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் மேலாளர்கள் வருவதில்லை. அரசு ஊழியர்களைப் பொறுத்தவரை, ரகசியக் குறிப்பேட்டில் எழுதப்படும் ஒவ்வொரு மதிப்பீட்டையும் உரியவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதிகம் பேசப்படாத இந்தத் தீர்ப்பு, மறைவில் எழுதி வாழ்வைக் கெடுக்கும் வழியை ஓரளவு அடைத்தது.

எல்லாம் கைவிட்டு ஓர் உயிர் போன பிறகு எஞ்சுவது தற்கொலைக்குத் தூண்டுதல் என்ற குற்றப்பிரிவு. பணியிடத்துக்கு அது பொருந்துவது அரிது. நேரடியான தூண்டுதலும் அந்நோக்கமும் நிறுவப்பட வேண்டும் என்பதை 2024இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் மீண்டும் வலியுறுத்தியது. வாழும்போது பேச இடமில்லாத சட்டம், இறந்தபின் மட்டும் மிக உயர்ந்த ஆதாரத்தைக் கேட்கிறது. இந்திய நிலையின் ஆழமான குறை இதுதான்.

எதிர்கொள்ளும் வழிகள்

துணிந்து எதிர்த்து நில் என்பது பரவலான அறிவுரை. ஆய்வு அதை ஆதரிக்கவில்லை. 2001இல் டீட்டர் சாப்ஃபும் கிளாடியா கிராஸும் ஜெர்மனியில் செய்த ஆய்வில், நிலைமையைச் சமாளித்து மீண்டவர்கள் அதே பாணியில் திருப்பி அடித்தவர்கள் அல்லர். மோதல் முற்றும் கட்டங்களை இனங்கண்டு விலகியவர்களே. பாதிக்கப்பட்டவர்கள் மற்றவர்களுக்குச் சொன்ன அறிவுரைகளில் வேலையை விட்டுப் போ, துணை தேடு என்பவை முன்னணியில் இருந்தன. இது கசப்பான முடிவு. மாற்று வேலையும் சேமிப்பும் உள்ளவருக்கே வெளியேறுதல் ஒரு வழி.

பதிவு செய்வது எல்லாத் தரப்பினரும் ஒத்துக்கொள்ளும் முதல் அடி. தேதி, நேரம், சொன்ன வார்த்தைகள், உடனிருந்தவர்கள் ஆகியவற்றை அன்றன்றே குறித்துவைக்க வேண்டும். வாய்மொழி உத்தரவை, 'நீங்கள் சொன்னபடி இதைச் செய்கிறேன்' என்று மின்னஞ்சலில் உறுதிப்படுத்திக்கொள்ளலாம். அரசு ஊழியர்கள் தம்மைப் பற்றிய குறிப்புகளைப் பெற 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்தலாம். கோபத்தில் ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுப்பதைத் தள்ளிப்போடுவது நல்லது. பல நேரங்களில் எதிர்பார்க்கப்படுவதே அந்தக் கடிதம்தான். உடல்நலத்தையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். சுவீடன், டென்மார்க் நாடுகளில் 79,000 பேருக்கு மேற்பட்டோரைத் தொடர்ந்து 2019இல் வெளியான ஆய்வு, துன்புறுத்தப்பட்டவர்களுக்கு இதய, ரத்தக்குழாய் நோய் வரும் வாய்ப்பு 59 விழுக்காடு கூடுதல் என்றது. மருத்துவரிடம் போனால், வேலையிடத்தில் நடப்பதையும் சொல்லிக் குறிக்கச் சொல்ல வேண்டும். மனம் தாங்காத கட்டத்தில் அரசின் டெலி-மானஸ் எண் 14416 தமிழிலும் பேசுகிறது.

அடுத்தது நிறுவனத்திடம் போவது. லேமன் வகுத்த நான்கு கட்டங்களில் மூன்றாவது, நிர்வாகம் தலையிடுவது. நியாயம் கிடைக்கும் என்று நம்பும் அந்தக் கட்டத்தில்தான் 'இவரே பிரச்சினைக்காரர்' என்ற பார்வையை நிர்வாகமும் ஏற்றுக்கொள்கிறது என்றும், நான்காவது கட்டமான வெளியேற்றம் அங்கிருந்தே தொடங்குகிறது என்றும் அவர் எச்சரித்தார். ஹெச்.ஆர். துறை நிர்வாகத்தின் அங்கம் என்பதை மறக்காமல் புகார் எழுத வேண்டும். இருதரப்பையும் உட்காரவைத்துப் பேசும் சமரசம் தொடக்க உரசலுக்குப் பயன்படலாம். அதிகார இடைவெளி பெரிதான பிறகு, பாதிக்கப்பட்டவர் தன் அவமானத்திலும் விட்டுக்கொடுக்க வேண்டியவராகிறார்.

பயிற்சி வகுப்புகள், நடத்தை விதிகள் பற்றி என்ன தெரிகிறது? ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017இல் வெளியிட்ட மதிப்பாய்வு, தகுதியுடையவையாக ஐந்து ஆய்வுகளை மட்டுமே கண்டது. மரியாதையான நடத்தையை வளர்க்கும் திட்டங்கள் சிறிய முன்னேற்றம் தந்தன; ஆதாரத்தின் தரமோ மிகக் குறைவு. சுவரில் கொள்கை அறிக்கை ஒட்டிவிட்டுக் கடமை முடிந்ததென்று நினைக்கும் நிறுவனங்களுக்கு இதில் சாதகமாக எதுவும் இல்லை.

தமிழ்நாட்டிலிருந்து கவனிக்கத்தக்க முயற்சி ஒன்று உண்டு. திண்டுக்கல் பகுதி ஆடை ஆலை ஒன்றில் வேலைபார்த்த இளம் தலித் பெண் 2021இல் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து நடந்த போராட்டத்தின் பயனாக, 2022இல் திண்டுக்கல் ஒப்பந்தம் உருவானது. பெண்கள் தலைமையேற்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் ஒருபுறம், ஆலை நிர்வாகமும் எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். முதலான வணிகப் பெயர்களும் மறுபுறம். இங்கே பாலியல் தொல்லையோடு வசவும் சாதிப் பாகுபாடும் சேர்த்தே தடைசெய்யப்பட்டன. தொழிலாளரிலிருந்தே கண்காணிப்பாளர்கள் பயிற்றுவிக்கப்பட்டார்கள். ஆலை மீறினால் ஆர்டர் பாதிக்கும் என்ற நிபந்தனை இருந்தது. தனி ஆள் புகாராளராக நின்று எல்லாச் சுமையையும் தாங்க வேண்டிய நிலையை அது மாற்றியது. ஏற்றுமதி ஆர்டர் என்ற கடிவாளம் இல்லாத உள்ளூர்க் கடைக்கும், தனியார் பள்ளிக்கும், மருத்துவமனைக்கும் இந்த மாதிரி எப்படிப் பொருந்தும் என்பது இன்னும் சோதிக்கப்படவில்லை.

முடியாத கேள்விகள்

துன்புறுத்தல் தனிமனிதக் கோளாறு என்ற விடை பெரும்பாலும் தளர்ந்துவிட்டது. வேலை அமைக்கப்படும் விதத்தில் அதன் வேர் இருக்கிறது என்ற தரப்பே வலுவாக நிற்கிறது. ஆனால் அமைப்பைக் குற்றவாளியாக்கும்போது, கையை ஓங்கிய தனிமனிதரின் பொறுப்பு எவ்வளவு என்பது தீரவில்லை. பார்த்துக்கொண்டிருந்த சக ஊழியரின் கடமையைச் சட்டமாக்க இயலுமா என்பதும் அப்படியே. எண்களைக் கொண்டு மென்பொருளே வேலையைப் பங்கிட்டு, தரவரிசை இட்டு, கணக்கை முடக்கும் உணவு விநியோகம் போன்ற வேலைகளில் துன்புறுத்துபவர் என்று யாரைச் சுட்டுவது என்பதற்கு இன்றைய வரையறைகள் எதுவும் ஆயத்தமாக இல்லை. சாதியைக் கணக்கில் கொள்ளும் அளவுகோல் ஒன்றை இந்திய ஆய்வாளர்கள் உருவாக்கியாக வேண்டும்.

சட்டம் மட்டும் போதாது என்பதற்குச் சுவீடனே சான்று. ஆயினும், பாலியல் நோக்கமோ சாதிப் பெயரோ இல்லாத கொடுமைக்கு இங்கே முறையிட இடமே இல்லை என்ற வெற்றிடத்தைப் பயிற்சி வகுப்புகளால் நிரப்ப முடியாது. உள்ளகக் குழுக்களின் வரம்பை விரிப்பது, பழிவாங்கலைத் தண்டிப்பது, நிரூபிக்கும் சுமையைப் பகிர்வது ஆகிய மூன்றையும் கொண்ட ஒரு சட்டத்துக்காகத் தொழிற்சங்கங்களும் ஊழியர் சங்கங்களும் குரல் கொடுக்க வேண்டும். அதற்கான சர்வதேச அடித்தளம் 2019 ஜூனில், 439 வாக்குகள் ஆதரவாகவும் 7 எதிராகவும் விழுந்து நிறைவேறிய 190ஆம் உடன்படிக்கையில் இருக்கிறது. 2021 ஜூன் முதல் அது நடைமுறையில் உள்ளது. நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதற்கு ஒப்புதல் அளித்திருக்கின்றன. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை.